திரையும் ஒளியும்

தீபாவளி நெருங்கும் நாள்களில் மலேசியத் தமிழர் இல்லங்களில் மூன்று பணிகள் பெரும்பாலும் நடைபெறும். சுவருக்குச் சாயம் பூசுதல் ஒன்று. பலகாரம் சுடுதல் மற்றொன்று. சாளரங்களில் தொங்கும் பழைய திரைச்சீலைகளைக் கழற்றிவிட்டுப் புதியவற்றை மாட்டுதல் மூன்றாவது. கோலாலம்பூரில் துவாங்கு அப்துல் ரஹ்மான் சாலைத் துணிக்கடைகளிலும், கிள்ளானில் தெங்கு கிளானா சாலைக் கடைகளிலும் பெருநாள் காலத்தில் கூட்டம் அலைமோதும். மலாய்க்காரர் தம் நோன்புப் பெருநாளுக்கு ‘லங்சீர்’ மாற்றுவது போலவே தமிழரும் மாற்றுகின்றனர். பெருநாளுக்கு வீட்டைப் புதுப்பிக்கும் இப்பழக்கம் வரவேற்கத்தக்கதே.

“முன்கூடம் இருண்டு கிடக்கிறது, புதிய திரை மாட்டினால் பளிச்சென்று இருக்கும்” என்பதே இல்லத்தார் பலர் கூறும் காரணம். ஆயினும் கடைக்குச் சென்று திரும்பும்போது அவர்கள் சுமந்து வருவது, பழையதைவிடத் தடித்ததும் அடர்ந்த நிறமுடையதுமான துணியாக அமைந்துவிடுவதுண்டு. ஒளியைத் தேடிச் சென்றவர் இருளை விலைக்கு வாங்கி வருவது விந்தையன்றோ? இவ்விந்தை துணியின் தரத்தைப் பற்றியது மட்டுமன்று. திரை யாருக்காகத் தொங்குகிறது, உள்ளே வாழ்வோருக்காகவா, வெளியே நின்று பார்ப்போருக்காகவா என்னும் அறக்கேள்வி அதனுள் மறைந்திருக்கிறது.

தமிழ்மொழி இவ்வாயிலுக்கு இட்ட பெயர்களை நோக்கினால் அதன் இயல்பு விளங்கும். ‘காலதர்’ என்பது பழஞ்சொல். கால் என்றால் காற்று. அதர் என்றால் வழி. காற்று வரும் வழியே காலதர். ‘பலகணி’ என்பது மற்றொரு சொல். பல கண்களை உடையது என்பது அதன் பொருள். இன்று பேச்சில் வழங்கும் ‘ஜன்னல்’ போர்த்துக்கீசியர் வழியே வந்து சேர்ந்தது. ஆங்கிலேயர் வழங்கும் சொல்லும் ‘காற்றின் கண்’ என்னும் பொருள்தரும் பழைய வடபுல மொழிச் சொல்லிலிருந்து பிறந்ததே. வெவ்வேறு மொழியினர் சுவரின் திறப்பைக் கண்ணாகவே கண்டனர். கண்ணுக்கு இமை வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் இமை எப்போதும் மூடியே இருக்குமாயின் அதனைக் கண் என்று யாரும் சொல்லார்.

ஒளிக்கு விலை வைத்த காலமும் உலகில் இருந்தது. இங்கிலாந்தில் 1696ஆம் ஆண்டில் சாளரவரி விதிக்கப்பட்டது. வீட்டிலுள்ள சாளரங்களின் எண்ணிக்கைக்கேற்ப வரி செலுத்த வேண்டியிருந்தமையால், மக்கள் பலர் சாளரங்களைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டனர். காற்றும் வெளிச்சமும் இன்றி நோய் மிகுகிறதென்று மருத்துவர்கள் முறையிட்டனர். ஒன்றரை நூற்றாண்டு நீடித்த அவ்வரி 1851ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. அங்கே அரசின் சட்டம் மக்களின் ஒளியைப் பறித்தது. இந்நாட்டிலோ ஒளிக்கு வரியில்லை. நிலநடுக்கோட்டுக்கு அண்மையில் அமைந்தமையால் கோலாலம்பூரில் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 12 மணி நேரம் பகல் நிலவுகிறது. இத்தகைய நாட்டில் நண்பகலில் திரையை மூடிக்கொண்டு, உள்ளே மின்விளக்கை ஏற்றி, மாத இறுதியில் அதற்குக் கட்டணமும் செலுத்தும் இல்லங்கள் உண்டு. இதனை எந்தச் சட்டமும் கட்டளையிடவில்லை. மனிதன் தனக்குத்தானே விதித்துக்கொண்ட வரி இது.

எனினும் திரையைப் பழித்துப் பேசுமுன் அதன் வரலாற்றையும் எண்ணிப் பார்த்தல் முறையாகும். இரப்பர்த் தோட்டங்களின் லயங்களில் வாழ்ந்த தலைமுறைக்குத் திரை என்பது எளிதில் கிட்டாத பொருளாக இருந்தது. பலகைச் சுவருக்கு அப்பால் அடுத்த வீட்டார் இருமினாலும் இப்பால் கேட்கும். ஒரு வீட்டின் சண்டை மறுநாள் பால்மரக் காட்டில் பேச்சாகிவிடும். அந்நிலையில் ஒரு தாய், நைந்துபோன நூற்சேலையைக் கிழித்துக் கயிற்றில் கோத்துச் சாளரத்தில் கட்டினாள் என்றால், அது ஆடம்பரமன்று; தன் குடும்பத்தின் மானத்திற்கு அவள் எழுப்பிய சுவர் அது. ‘எங்களுக்கும் தனிமை உண்டு’ என்று அந்தத் துணி சொல்லாமல் சொல்லிற்று. சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960ஆம் ஆண்டில் தோன்றிய பின்னர் எழுந்த அடுக்குமாடி வீடுகள் பலவற்றிலும் பொது நடைபாதையை ஒட்டியே சாளரங்கள் அமைந்தன. நடந்து செல்வோரின் கண்கள் கைக்கெட்டும் தொலைவில் கடந்துபோகும் இடத்தில் திரையின்றி வாழ்வது எங்ஙனம்? ஆகவே மறைப்பு என்பது குற்றமன்று. மறைத்துக்கொள்ளும் உரிமையும் மனித மாண்பின் ஒரு பகுதியே.

அவ்வாறாயின் சிக்கல் எங்கே தொடங்குகிறது? குடும்பம் ஒன்றைக் கற்பனை செய்து பார்க்கலாம். தோட்டத்திலிருந்து பெயர்ந்து கிள்ளான் வட்டாரத்தில் தொடர்வீடு ஒன்றில் குடியேறிய குடும்பம் அது. மகன் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். மருமகள் அலுவலகத்தில் எழுத்தர். பேரப்பிள்ளைகள் இருவரும் பள்ளி மாணவர்கள். முப்பது ஆண்டுகள் பால்மரம் சீவிய தாய் எழுபதைக் கடந்தவர். காலையில் எல்லாரும் வெளியேறிய பின் அவர் முன்கூடத்துச் சாளரத்தருகே நாற்காலியில் அமர்ந்து நாளிதழை எழுத்துக் கூட்டிப் படிப்பார். எதிர்வீட்டு மலாய் மூதாட்டி துணி உலர்த்த வரும்போது இருவரும் கையசைத்துக்கொள்வர். அவரது நாளின் பாதி அந்தச் சாளரத்தில்தான் கழிந்தது.

ஒரு தீபாவளிக்கு முன்பு மகன் புதிய திரை தைக்கக் கொடுத்தார். கருஞ்சிவப்பு நிறம், பட்டுப்போன்ற மினுமினுப்பு, உட்புறம் கனத்த துணி, மேலே மடிப்புத் தொங்கல், ஓரத்தில் பொன்னிறக் குஞ்சம். விலையைத் தவணையில் செலுத்துவதாக ஏற்பாடு. பெருநாளன்று வந்த உறவினர் அனைவரும் வாயாரப் புகழ்ந்தனர். விருந்தினர் சென்ற பின்னரும் திரை விலக்கப்படவில்லை. விலக்கினால் மடிப்பின் அழகு கெடும். வெயில் பட்டால் நிறம் மங்கும். “வீடு அழகாகத்தான் இருக்கிறது, தம்பி. பகல் எது, இரவு எது என்றுதான் தெரியவில்லை” என்று தாய் ஒருநாள் சொன்னார். மகன் அதனை வேடிக்கைப் பேச்சாக எண்ணிச் சிரித்தார். சில நாள்களில் தாயின் நாற்காலி சமையலறைப் பின்வாசலுக்கு இடம்பெயர்ந்தது. அங்கேதான் எழுத்துத் தெரியும் அளவுக்கு வெளிச்சம் இருந்தது. அவர் ஏன் அங்கே அமர்கிறார் என்று எவரும் கேட்கவில்லை.

ஒருநாள் காலை, வாசலில் அஞ்சல்காரர் வந்தாரா என்று பார்க்க இருண்ட கூடத்தின் வழியே நடந்தவர், விரிப்பின் ஓரம் தடுக்கி விழுந்தார். இடுப்பில் அடி. எழ இயலவில்லை. நண்பகலுக்குப் பின் பேரன் பள்ளியிலிருந்து வரும்வரை தரையிலேயே கிடந்தார். மாலையில் செய்தியறிந்து ஓடிவந்த எதிர்வீட்டு மூதாட்டி கண்கலங்கிச் சொன்ன சொல் இதுதான்: “திரை மூடியே கிடந்ததால், ஊருக்குப் போய்விட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.”

இக்கதையில் மகனைக் கொடியவர் என்று சொல்லிவிடுதல் எளிது. ஆனால் அது நீதியாகாது. அவர் பக்கத்திலும் நியாயங்கள் உள்ளன. பகலில் பெரியவர் தனித்திருக்கும் வீட்டின் உட்புறம் தெருவில் போவோருக்குத் தெரிந்தால் கள்வர்க்கு வழிகாட்டியதாகாதா? மேற்கு வெயில் நேரே விழும் கூடத்தில் திரையின்றி அமர இயலுமா? வளர்ந்த பெண்பிள்ளை உள்ள வீட்டில் மறைப்பு வேண்டாமா? லயத்தில் கிழிந்த சேலையின் பின்னே வளர்ந்த ஒருவர், தம் வீட்டுச் சாளரத்தில் நல்ல துணியைக் காண விரும்புவது தவறா? இவற்றில் எதனையும் புறந்தள்ளுவதற்கில்லை.

ஆயினும் இக்காரணங்கள் யாவும் ‘மறைப்பு வேண்டும்’ என்பதை மெய்ப்பிக்கின்றனவே அன்றி, ‘நாள் முழுதும் இருள் வேண்டும்’ என்பதை மெய்ப்பிக்கவில்லை. திரை விலக்கப்படாமைக்கு உண்மைக் காரணம் கள்வருமன்று, வெயிலுமன்று. மடிப்பு கலைந்துவிடும் என்னும் அச்சமே. அதாவது, வீட்டாரைக் காக்க வந்த திரையை வீட்டார் காக்கத் தொடங்கிவிட்டனர். கருவி தலைவனாகிவிட்டது, தலைவர் ஏவலராகிவிட்டனர். அறத்தின் தராசு சாய்வது இவ்விடத்தில்தான்.

பண்டைத் தமிழர் திரையின் இருவேறு பணிகளை நன்கறிந்தவர். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, ஆடரங்கில் கட்டப்பட்ட ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்னும் மூவகைத் திரைகளைக் குறிப்பிடுகிறது. அரங்கத் திரை காண்போருக்காகவே கட்டப்படுவது. அங்கே அது பொருத்தம். இல்லமோ அரங்கமன்று. அங்கே வாழ்வோர் கூத்தரும் அல்லர். வருவோர் வியக்க வேண்டும் என்பதற்காக இல்லத்தை அரங்காக்கிவிட்டால், உள்ளே வாழ்வோர் அரங்கின் பின்புறத்தில் ஒதுங்க நேரிடும். சமையலறைப் பின்வாசலில் அமர்ந்த தாயின் நிலை அதுவே.

இனி, செய்ய வேண்டுவது யாது? திரையின் இயல்பே அதற்கும் விடை கூறுகிறது. மெல்லிய வெண்துணி ஒன்றைச் சாளரத்தில் தொங்கவிட்டால், பகலில் வெளியே வெளிச்சம் மிகுந்திருப்பதால் உள்ளிருப்போர் தெருவைக் காண இயலும். தெருவில் நிற்போருக்கோ உட்புறம் தெளிவாகத் தெரிவதில்லை. இரவில் விளக்கேற்றியதும் நிலைமை தலைகீழாகிறது. பகலில் மறைத்த அதே துணி, இரவில் உள்ளிருப்பவற்றைக் காட்டிக் கொடுக்கும். ஆகவே பகலுக்கு மெல்லிய திரையும் இரவுக்குக் கனத்த திரையுமாக இரண்டு வேண்டும். திரைக்கம்பியைச் சாளரத்தின் அகலத்தைவிட இருபுறமும் சற்று நீட்டி அமைத்தால், விலக்கிய துணி கண்ணாடியை மறைக்காமல் சுவரின்மீது ஒதுங்கி நிற்கும். வெளிர்நிறத் துணி ஒளியைப் பரப்பும். அடர்நிறத் துணி அதனை விழுங்கும். மேற்கு வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே மூங்கில் தட்டியாலோ கூரைச் சார்ப்பாலோ தடுப்பது மேலானது. கண்ணாடியைக் கடந்து நுழைந்துவிட்ட வெப்பத்தின் பெரும்பகுதியை உட்புறத் திரையால் வெளியேற்ற இயலாது. இவற்றுக்கு ஆகும் செலவு குஞ்சம் வைத்த திரைக்கு ஆகும் செலவைவிடக் குறைவாகவே இருக்கும்.

இச்சிறு அறிவியலுக்குள் ஓர் அறமும் அடங்கியிருக்கிறது. எந்நேரமும் திறந்து கிடப்பதும் பண்பன்று. எந்நேரமும் மூடிக் கிடப்பதும் பண்பன்று. எப்போது, யாருக்கு, எவ்வளவு என்று அறிந்து திறப்பதும் மூடுவதுமே பண்பு. அண்டை வீட்டார் உள்ளே நுழைந்து எல்லாவற்றையும் காண வேண்டியதில்லை. ஆனால் உள்ளே ஓர் உயிர் நலமாக இருக்கிறது என்பதை அறியும் அளவுக்கேனும் ஒரு வழி இருத்தல் வேண்டும். காலையில் திரை விலகுவதே அண்டை வீட்டாருக்குச் சொல்லும் நற்செய்தி. அது விலகவில்லை என்றால் வந்து கதவைத் தட்ட வேண்டும் என்பது அவர் கடமை. இவ்வுறவு மதில் எழுப்பியும் பூட்டுப் போட்டும் கிடைப்பதன்று.

வடலூரில் வள்ளலார் 1872ஆம் ஆண்டில் நிறுவிய சத்திய ஞான சபையில், தைப்பூசத்தன்று ஏழு நிறத் திரைகளை ஒவ்வொன்றாக நீக்கி ஒளியைக் காட்டுவது மரபு. ஒளி அங்கே புதிதாக உண்டாக்கப்படுவதில்லை. முன்னரே இருப்பதுதான், திரை விலகியதும் புலப்படுகிறது. இல்லத்துக்கும் அது பொருந்தும். முன்கூடத்துக்கு ஒளி கடையிலிருந்து வருவதன்று. அது சாளரத்துக்கு வெளியே காத்து நிற்கிறது.

மேலே கண்ட குடும்பத்தின் கதை அடுத்த தீபாவளியில் எவ்வாறு தொடரும்? மகன் கருஞ்சிவப்புத் திரையை எறிந்துவிட வேண்டியதில்லை. தவணை இன்னும் முடிந்திராது. அதனை இரவுக்கு வைத்துக்கொண்டு, அதன் முன்னே மெல்லிய வெண்துணி ஒன்றைக் கட்டலாம். கடையில் வாங்க மனமில்லை என்றால் தாயின் பழைய நூற்சேலையே போதும். லயத்துச் சாளரத்தில் அவர் கட்டியதும் அதுதானே! பின்வாசலில் கிடக்கும் நாற்காலியை எடுத்து வந்து முன்கூடத்துச் சாளரத்தருகே இட வேண்டும். அதன்பின் அந்நாற்காலியில் ஒருமுறை தாமே அமர்ந்து, கையில் நாளிதழைப் பிடித்து, எழுத்துத் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தெரியுமாயின் திரை சரியாக அமைந்தது என்று கொள்ளலாம்.