பூசாரியின் அரசுரிமை

உரேனியஸ் அன்டோனினஸ் சிரியாவின் எமேசா நகரில், அதாவது இன்றைய ஹோம்ஸில், கி.பி. 253–254இல் ரோமப் பேரரசரின் கோலத்தில் நாணயம் வெளியிட்டவர். வரலாற்று நூல்கள் அவரை அரியணைக்கு உரிமையின்றி ஆசைப்பட்டவர்களோடு சேர்த்து எண்ணுகின்றன. 235 முதல் 284 வரை நீடித்த நெருக்கடியில் அப்படிப்பட்டவர்கள் ஏராளம், பெரும்பாலோர் படைத்தலைவர்கள். உரேனியஸ் கோயிலிலிருந்து வந்தவராகத் தெரிகிறார். ஆளும் உரிமையைத் தருவது படையா, தெய்வமா என்ற கேள்விக்கு அவரால் ஓர் உயிருள்ள எடுத்துக்காட்டு கிடைக்கிறது.

எமேசாவின் சூரியத் தெய்வம் எலகபால். கூம்பு வடிவக் கருங்கல் ஒன்றுதான் மூலவர். மனித உருவச் சிலை கிடையாது. பூசாரிப் பதவி ஒரே குடும்பத்தில் வழிவழியாக வந்தது. அக்குடும்பத்துப் பெண் யூலியா டோம்னா, பேரரசர் செப்டிமியஸ் செவெரஸின் மனைவியானார். அவருடைய தமக்கையின் பேரன், இளம் பூசாரி, 218இல் படைவீரர்களின் துணையோடு பேரரசரானார். கல்லை ரோமுக்கே கொண்டுபோய் யூபிடருக்கும் மேலான இடத்தில் வைத்தார். 222இல் காவற்படை அவரைக் கொன்றது. கல் சொந்த ஊருக்குத் திரும்பியது.

உரேனியஸின் காலம் வேறு. சசானிய மன்னர் முதலாம் ஷாபூர் பார்பலிஸோஸில் ரோமப் படையை முறியடித்துச் சிரியாவுக்குள் புகுந்தார், அந்தியோக்கியாவும் வீழ்ந்தது. 253ஆம் ஆண்டு ஒன்றிலேயே ரோமில் கல்லஸ், ஏமிலியன், வலேரியன் என ஆட்சி கைமாறியது. கிழக்கைக் காக்க வேண்டியவர்கள் அரியணைக்காகத் தங்களுக்குள் போரிட்டுக்கொண்டிருந்தார்கள். தாம் பிடித்த ஊர்களை ஷாபூர் கல்வெட்டில் வரிசையாகப் பொறித்திருக்கிறார். அதில் எமேசா இல்லை. ஆறாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் மலாலாஸ், சம்சிகெராமஸ் என்ற பூசாரி கவண் ஏந்திய நாட்டுப்புறத்தாரோடு ஷாபூரை எதிர்கொண்டதாகவும், கவண்கல் பட்டு மன்னர் இறந்ததாகவும் எழுதுகிறார். ஷாபூர் அதன்பின் பல ஆண்டுகள் வாழ்ந்தவர், ஆகவே மரணக் கதை பிழை. ஆனால் பூசாரி ஒருவர் ஊரைக் காத்தார் என்ற நினைவை எளிதில் ஒதுக்க முடியாது. சிபிலின் வாக்குகள் என்ற தீர்க்கதரிசனத் தொகுப்பின் பதின்மூன்றாம் நூலும் சூரியன் அனுப்பிய பூசாரி ஒருவரைப் பற்றிப் பேசுகிறது. சம்சிகெராமஸும் உரேனியஸும் ஒருவரே என்று அறிஞர் பலர் கருதுகின்றனர்.

நாணயங்களே உறுதியான சான்று. இலத்தீன் எழுத்துள்ள பொற்காசுகளின் முகப்பில் உரேனியஸின் பெயர் மட்டுமே உண்டு, பட்டம் இல்லை. கிரேக்கக் காசுகளோ அவரைப் பேரரசர் என்றே அழைக்கின்றன. சில காசுகளின் பின்புறம் அந்தப் புனிதக் கல் தேரில் வருகிறது, காக்கும் தெய்வம் என்ற வாசகத்தோடு. 218இல் பேரரசரான பூசாரி தெய்வத்தைப் பேரரசின் தலைமேல் ஏற்றினார். இவர் பேரரசின் கோலத்தைத் தெய்வத்தின் ஊருக்கு இறக்கினார். கைவிடப்பட்ட ஊரைக் காக்கும் கடமை கோயிலின் கைக்கு வந்தபோது, அரசனின் பெயரும் கூடவே வந்தது. இதை வெறும் அபகரிப்பு என்று சொல்வது நியாயமாகாது. 254க்குப் பிந்தைய காசு எதுவும் அவர் பெயரில் இல்லை. அப்போது வலேரியன் கிழக்கே வந்துகொண்டிருந்தார்.

படையா, தெய்வமா என்ற கேள்வி உரேனியஸோடு முடியவில்லை. 272இல் எமேசாவுக்கு அருகே பல்மைரா அரசி செனோபியாவின் படையை வென்ற பேரரசர் ஔரேலியன், 274இல் வெல்லப்படாத சூரியனுக்கு ரோமில் கோயில் எழுப்பினார். கலகம் செய்த வீரர்களிடம் அவர், அரச உடையைத் தருவது அவர்கள் அல்லர், தெய்வமே என்று சொன்னதாக ஒரு பழைய குறிப்பு உண்டு. படை ஏற்றிய பேரரசர் ஒருவரே அப்படிச் சொல்ல வேண்டியிருந்தது. 275இல் அவருடைய அதிகாரிகளே அவரைக் கொன்றனர்.