விசுவாசமும் நற்சான்றும்

ஒரு மதத்தின் பேரில் நிறுவப்பட்ட கல்விக்கூடம் கல்வி என்ற காரியத்தை முழுமனதோடு செய்தால், தன் விசுவாசத்துக்கே குழி தோண்டிக்கொள்ளாதா? குழி விழாமல் பார்த்துக்கொண்டால் அங்கே நடப்பது கல்விதானா? கிறிஸ்தவக் கல்லூரிகளைப் பற்றி நம்மிடையே இரண்டு வகைப் பேச்சுகள்தாம் உண்டு. ஒன்று நன்றியுரை: மிஷனரிகள் பள்ளி வைத்தார்கள், அச்சு கொண்டுவந்தார்கள், அகராதி செய்தார்கள். மற்றது குற்றப்பத்திரிகை: எல்லாமே மதமாற்றத்துக்கு வைத்த தூண்டில். இரண்டுமே கல்வியை விசுவாசத்தின் கைக்கருவியாகத்தான் பார்க்கின்றன. ஒன்று கருவியை மெச்சுகிறது. மற்றது கையைச் சந்தேகிக்கிறது. கருவி திரும்பிக் கையையே வெட்டிய சந்தர்ப்பங்கள் உண்டு. அப்போது கை என்ன செய்தது என்று பார்த்தால்தான் மேற்சொன்ன கேள்விக்குப் பதில் தேட முடியும்.

தரங்கம்பாடிக்கு 1706ல் வந்திறங்கிய சீகன்பால்க் டேனிஷ் அரசர் அனுப்பிய ஆள். மனத்தளவில் ஜெர்மனியின் ஹாலே நகரத்தைச் சேர்ந்தவர். ஹாலே பல்கலைக்கழகம் அன்று புராட்டஸ்டண்ட் பக்தி இயக்கத்தின் கோட்டை. அங்கே பேராசிரியராக இருந்த பிராங்கேதான் தரங்கம்பாடி மிஷனுக்கு ஐரோப்பாவில் முதுகெலும்பு. சீகன்பால்க் தமிழ் கற்று, 1708லேயே நீதி வெண்பா, கொன்றை வேந்தன், உலகநீதி மூன்றையும் ஜெர்மனில் பெயர்த்துவிட்டார். 1713ல் தென்னாட்டுத் தெய்வங்களின் வம்சாவளியை விரிவாக எழுதி ஹாலேக்கு அனுப்பினார். அஞ்ஞானத்தை வேரறுக்க அனுப்பினோமே தவிர அஞ்ஞானிகளின் அபத்தங்களை ஐரோப்பாவில் பரப்ப அனுப்பவில்லை என்பது பிராங்கேயின் பதிலாகச் சொல்லப்படுவதன் சாரம். கையெழுத்துப் பிரதி அலமாரிக்குப் போயிற்று. 1867ல், அதுவும் சென்னையில், அது அச்சேறியது. இடையில் கழிந்தவை 154 ஆண்டுகள்.

பிராங்கேயை மூடர் என்று ஒதுக்கிவிட முடியாது. அநாதை இல்லமும் பள்ளிகளும் நிறுவி, ஏழைக் குழந்தைகளுக்காக வாழ்ந்த மனிதர். அந்தப் பிரதியின் அபாயத்தை அதைப் பிற்காலத்தில் பாராட்டியவர்களைவிட அவர் நன்றாகவே உணர்ந்திருக்க வேண்டும். அந்த அபாயம் என்ன என்பது அதே பல்கலைக்கழகத்தில் சில ஆண்டுகளுக்குள் வெளிப்பட்டது. 1721ல் தத்துவப் பேராசிரியர் கிறிஸ்டியன் வோல்ஃப் சீனர்களின் நடைமுறைத் தத்துவம் பற்றி ஓர் உரை நிகழ்த்தினார். கன்பூசியஸ் வேதாகமத்தின் துணையின்றி, பகுத்தறிவைக் கொண்டே அறத்தை எட்டியிருக்கிறார் என்பது அவர் கருத்து. இறையியல் துறையினர் கொதித்தெழுந்தார்கள். 1723ல் பிரஷ்ய அரசரின் உத்தரவு வந்தது: 48 மணி நேரத்துக்குள் வெளியேறாவிட்டால் தூக்கு. அடுத்த அரசர் பட்டத்துக்கு வந்த 1740ல்தான் வோல்ஃப் ஹாலேக்குத் திரும்ப முடிந்தது. சீனாவிலும் தமிழ்நாட்டிலும் நம்மை அறியாமலே நல்லவர்கள் இருக்க முடியும் என்றால் நாம் எதற்கு? அலமாரியில் பூட்டப்பட்டது இந்தக் கேள்வி.

வட்டுக்கோட்டையில் இதே கேள்வி வேறு வடிவத்தில் வந்தது. 1823ல் அமெரிக்க மிஷன் அங்கே ஒரு கல்லூரிக்குத் திட்டமிட்டது. அமெரிக்கர்களுக்குக் கல்லூரி அந்தஸ்தைத் தர இலங்கையின் பிரிட்டிஷ் ஆட்சி இசையவில்லை; செமினரி என்ற பெயரே நிலைத்தது. பெயர்தான் சிறியது. பையன்கள் அங்கேயே தங்கி வேதாகமத்தோடு தமிழ், சமஸ்கிருதம், ஆங்கிலம், கணிதம், வானியல் எல்லாம் படித்தார்கள். 1829ல் ஒரு சந்திர கிரகணத்தைப் பற்றி உள்ளூர்ப் பஞ்சாங்கம் ஒன்று சொல்ல, செமினரியின் கணிதம் வேறொன்று சொன்னது. தலைவர் டேனியல் பூர் இதை ஊரறியச் செய்து, பஞ்சாங்கத்தின் பிழையை நிரூபித்தார். விஞ்ஞானம் விசுவாசத்துக்குச் சேவகம் செய்த நாள் அது. ஆனால் கணிதம் எந்த எஜமானுக்கும் நிரந்தரமாக ஊழியம் செய்வதில்லை. பஞ்சாங்கத்தைச் சோதிக்கப் பழகியவன் ஆதியாகமத்தையும் ஒருநாள் சோதிப்பான். பூருக்குப் பின் செமினரியை நடத்திய ஹாய்சிங்டனோ சைவ சித்தாந்தத்தில் ஆழ்ந்து, சிவஞான போதத்தையும் சிவப்பிரகாசத்தையும் ஆங்கிலத்தில் பெயர்த்தார். அவை 1854ல் அமெரிக்காவில் வெளிவந்தன.

மறு ஆண்டே செமினரி மூடப்பட்டது. தலைமையகத்திலிருந்து வந்து ஆராய்ந்த ரூஃபஸ் ஆண்டர்சன் குழுவின் வாதம் எளிமையானது: ஆங்கிலம் படித்த பையன்கள் சர்க்கார் உத்தியோகத்துக்குப் போகிறார்கள், கிராமத்துக்குப் போதகர்களாகப் போவதில்லை, கொடுப்பவர்களின் காசு இதற்காகத் தரப்படவில்லை. அடுத்து நடந்ததை வரலாறு சற்றுக் குறும்பாகவே எழுதிவைத்திருக்கிறது. 1857ல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவரும் வட்டுக்கோட்டையில் படித்தவர்கள். அவர்களில் ஒருவரான சி. வை. தாமோதரம்பிள்ளை பின்னாளில் சைவராக வாழ்ந்து 1887ல் கலித்தொகையைப் பதிப்பித்தார். மிஷன் கணக்கில் அவர் நஷ்டம். நம்முடைய கணக்கில் அவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

மலைப்பிரசங்கத்தின் உப்பு உவமை கிறிஸ்தவக் கல்லூரி ஆண்டு விழாக்களில் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன ஒன்று. மரக்காணத்து உப்பளங்களை அன்றாடம் பார்க்கிறவனுக்கு அந்த உவமையில் ஒரு சங்கடம் தட்டுப்படும். உப்பு வேலை செய்வது கரைந்த பிறகு. அப்போது அதை எடை போட முடியாது. எடை போடக்கூடிய உப்பு பாத்திக்கரையில் குவியலாகக் கிடக்கிறது; அந்தப் பாத்தியில் புல் முளைக்காது. ஆண்டர்சன் கேட்டது குவியல். வரவு செலவு எழுதிப் பிழைக்கிற நம்மைப் போன்றவர்கள் அதைப் பரிகசிக்க முடியாது. ஒரு நோக்கத்துக்கென்று வாங்கிய பணத்தை அந்த நோக்கத்துக்குச் செலவிடு என்பதும் ஒழுக்கம்தான்.

கரைதலின் பக்கம் நின்றவர் வில்லியம் மில்லர். ஸ்காட்லாந்து சபை 1837ல் சென்னையில் தொடங்கிய பள்ளிக்கு 1862ல் வந்து, அதைக் கல்லூரியாக்கி, 1877ல் பல மிஷன்களின் பொது ஸ்தாபனமாகச் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி என்று பெயர்பெறச் செய்தவர். 1907 வரை அதன் முதல்வர். ஞானஸ்நானங்களை எண்ணாதீர்கள்; கிறிஸ்தவச் சிந்தனை ஒரு சமூகத்தின் காற்றில் கலக்கட்டும்; அறுவடை என்றோ, யார் கையாலோ நடக்கட்டும் என்பது அவர் கட்சி. தினமும் வேதாகம வகுப்பு உண்டு. கேட்கிறவர்களில் பெரும்பாலோர் உயர்ஜாதி இந்துக்கள். அவர்கள் கேட்டுவிட்டு நெற்றி நாமத்தோடும் திருநீறோடும் வீட்டுக்குப் போனார்கள்.

இந்தக் கட்சியின் அழகில் மயங்குவதற்கு முன் இரண்டு விஷயங்களைச் சொல்லியாக வேண்டும். முதலாவது, கரைந்துவிட்டது என்பதை யாரும் பொய்யென்று காட்ட முடியாது. எந்தத் தோல்வியையும் கண்ணுக்குத் தெரியாத வெற்றி என்று சொல்லிக்கொள்ள அது இடம் தருகிறது. இரண்டாவது, இன்னும் கடுமையானது. மில்லர் சென்னையில் வகுப்பெடுத்த அதே காலத்தில், அதே சபையைச் சேர்ந்த ஆடம் ஆண்ட்ரூ செங்கல்பட்டுப் பக்கம் பறையர்களின் நிலத்துக்காக அரசாங்கத்தோடு மன்றாடிக்கொண்டிருந்தார். கலெக்டர் ட்ரெமன்ஹீர் 1891ல் எழுதிய அறிக்கையும் அதைத் தொடர்ந்த 1892ஆம் ஆண்டு அரசாணையும் பஞ்சமி நிலங்களுக்குத் தோற்றுவாய். ஒரே சபையின் இரண்டு முகங்கள். விசுவாசத்தை ஏற்றவர்களுக்குப் பெரும்பாலும் கிராமத்துத் தொடக்கப்பள்ளி. ஏற்காதவர்களுக்குத் தத்துவ வகுப்பு. சுதந்திரமான அறிவுத் தேடல் என்று நாம் கொண்டாடுவது எவருடைய செலவில் நடந்தது என்ற கேள்வி இங்கே நிற்கிறது. அதற்கு மில்லரின் கொள்கையில் பதில் இல்லை.

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும் அந்தக் கல்லூரியில் நடந்த ஒரு காரியம் என் மதிப்பில் குறையவில்லை. ஆல்ஃபிரட் ஜார்ஜ் ஹாக் 1903ல் அங்கே தத்துவம் கற்பிக்க வந்தார். ஸ்காட்லாந்தில் இறையியல் படித்தபோது விசுவாசம் ஆட்டம் கண்டு, குருப்பட்டம் இல்லாமல் வெறும் ஆசிரியராக வந்தவர். கர்மக் கோட்பாட்டையும் கிறிஸ்தவ மீட்பையும் எதிரெதிரே நிறுத்திக் கல்லூரிப் பத்திரிகையிலேயே எழுதினார். 1909ல் அது புத்தகமாயிற்று. எல்லாம் ஒன்றே என்று தட்டிக்கொடுக்கும் சமரசம் அதில் கிடையாது. இரண்டும் எந்த இடத்தில் பிரிகின்றன என்பதைக் கறாராகத் தேடும் எழுத்து. அவரிடம் படித்த மாணவர் ஒருவர் 1908ல் எம்.ஏ. பட்டத்துக்காக ஓர் ஆய்வேட்டை எழுதினார். வேதாந்தத்தில் அறத்துக்கு இடமில்லை என்பது மிஷனரிகளின் வழக்கமான குற்றச்சாட்டு. இந்த ஏடு அதற்கு மறுப்பு. எழுதியவர் ராதாகிருஷ்ணன். வகுப்பறையில் கேட்ட கிறிஸ்தவ விமர்சனம்தான் தம்மை இந்து தத்துவத்துக்குள் தள்ளியது என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். அந்த ஏட்டை மெச்சி ஹாக் நற்சான்று எழுதிக் கொடுத்தார்.

இதைப் பெருந்தன்மை என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. எந்த மதத்திலும் அக்கறை இல்லாத ஒரு பேராசிரியரும் அதே சான்றைக் கொடுத்திருப்பார்; அவருக்கு அதில் இழப்பு ஏதுமில்லை. ஹாக்குக்கு இருந்தது. அந்த ஏடு சொல்வது சரியென்றால், தாம் கடல் கடந்து வந்ததன் நியாயத்திலேயே ஒரு பகுதி உதிர்கிறது. அது தெரிந்தும், தம் அக்கறையை மதிப்பீட்டுக்குள் நுழைய விடவில்லை. விசுவாசம் தளர்ந்ததால் வந்த தாராளம் என்றும் இதைச் சொல்ல முடியாது. அடுத்த ஆண்டே கர்மத்தை மறுக்கும் தம் புத்தகத்தை அவர் வெளியிடுகிறார். ஹாலே பூட்டியதையும் இவர் சான்றளித்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று தெளிவாகும். தன்னை மறுக்கும் நல்ல வாதத்தை நல்ல வாதம் என்று சொல்ல இயலாத விசுவாசம், சத்தியத்தைவிடத் தன் ஸ்தாபனத்தை அதிகம் நம்புகிறது.

கல்லூரி 1937ல் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது. புதர்க்காட்டுக்கு நடுவே கட்டடங்கள். ரசாயனப் பேராசிரியர் பார்ன்ஸ் நட்டு வளர்த்த மரங்கள். சேலையூர், ஹீபர், தாமஸ் என்று விடுதிகள். மறு ஆண்டு டிசம்பரில் உலக மிஷனரி மாநாடு அந்த வளாகத்திலேயே கூடியது. கிறிஸ்துவில் வெளிப்பட்டது எல்லா மதங்களிலிருந்தும் அடியோடு வேறானது என்று வாதிடும் ஹெண்ட்ரிக் க்ரேமரின் பெரிய நூல் மாநாட்டின் முன்னால் இருந்தது. ஹாக் எழுப்பிய ஆட்சேபம் நுட்பமானது. கிறிஸ்தவம் அல்லாத மதங்கள் என்று மட்டும் பேசினால் போதாது. கிறிஸ்தவம் அல்லாத விசுவாசம் என்று ஒன்று உண்டா என்று கேட்க வேண்டும். கோட்பாடுகள் முரண்படலாம், அவற்றின் அடியில் ஒருவன் கடவுள் மேல் வைக்கும் பற்றுறுதி உண்மையாக இருக்கலாம். இந்த வேறுபாட்டை அவர் முப்பத்தைந்து ஆண்டுகள் வகுப்பில் எதிரே உட்கார்ந்திருந்த முகங்களிலிருந்து கற்றார் என்று கொள்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. கல்லூரி வாழ்க்கை விசுவாசத்துக்குச் செய்யக்கூடியது இதுதான்: மறுக்கப்பட வேண்டிய கோட்பாட்டை ஒரு மனிதனாக்கி எதிரே உட்காரவைக்கிறது.

சிறுபத்திரிகைகளை நடத்தும் நாமும் சின்னச்சின்ன விசுவாசக் கூடங்களைத்தான் நடத்துகிறோம். மார்க்ஸீயம், சைவம், கலை கலைக்காக—பெயர்கள் வேறு. எதிர் அணிக்காரன் எழுதிய நல்ல கட்டுரைக்கு நற்சான்று தந்த பத்திரிகைகளை எண்ணக் கைவிரல்களே அதிகம். பிராங்கேயின் அலமாரி நம் எல்லோர் வீட்டிலும் இருக்கிறது.

இன்று கிறிஸ்தவக் கல்லூரிகள் நீதிமன்றம் போவது பெரும்பாலும் உரிமைகளையும் இடங்களையும் பற்றி. அரசியல் சட்டத்தின் 30ஆம் பிரிவு சிறுபான்மையினருக்குத் தங்கள் கல்வி ஸ்தாபனங்களை நடத்தும் உரிமையைத் தருகிறது. 1992ல் செயின்ட் ஸ்டீபன்ஸ் வழக்கில் உச்சநீதிமன்றம் தம் சமூகத்து மாணவர்களுக்கு 50 சதவீதம்வரை முன்னுரிமை தரலாம் என்றது. 2002ல் வந்த தீர்ப்பு அந்த அளவை இறுகப் பிடிக்கவில்லை. இதை வெறும் எண்ணிக்கைச் சண்டை என்று தள்ளிவிட முடியாது. 1950ஆம் ஆண்டு ஜனாதிபதி ஆணையின்படி கிறிஸ்தவராகிவிட்ட தலித் பட்டியல் ஜாதியினராகக் கணக்கில் வருவதில்லை. சர்க்கார் தராத இடத்தைச் சபையின் கல்லூரியாவது தருமானால், ஆடம் ஆண்ட்ரூவின் காலத்தில் எழுந்த கேள்விக்குத் தாமதமாகவேனும் ஒரு பதில் கிடைக்கும்.

ஆனால் இடம் கொடுப்பதோடு காரியம் முடிவதில்லை. அந்த இடத்தில் வந்து உட்காரும் மாணவன், திருச்சபைக்குள் இருக்கும் ஜாதியைப் பற்றி, தனித்தனிக் கல்லறைகளைப் பற்றி, கல்லறைத் தோட்டத்துக்கு நடுவே எழுப்பிய சுவரைப் பற்றி ஓர் ஆய்வேடு எழுதுவான். எழுத வேண்டும். 1908ல் வந்த மறுப்பு வெளியிலிருந்து வந்தது. அதற்குச் சான்றளிக்க ஒரு ஹாக் போதுமானவராக இருந்தார். இது வீட்டுக்குள்ளிருந்து, ஞானஸ்நானம் பெற்றவன் கையால் வருகிற மறுப்பு. வாதம் நல்ல வாதமாக இருந்தால் அதற்கு நற்சான்று எழுதுகிற கை அந்த வளாகத்தில் உண்டா என்பதைப் பொறுத்துத்தான், ஒரு கல்லூரியின் பெயரில் உள்ள கிறிஸ்தவம் என்ற சொல்லுக்கு அர்த்தம் இருக்கிறதா இல்லையா என்று சொல்ல முடியும்.