மேகம் மூடிய நாளின் கணக்கு

மேலூர்ப் பக்கம் ஒரு கண்மாய்க் கரையில், நீர்மட்டம் பார்க்க நான் வைத்திருந்த கருவி சித்திரையில் நின்றுபோனது. பெட்டியைத் திறந்தால் அடுப்படிச் சூடு. உள்ளே தட்டையான லித்தியம் அயான் பேட்டரி வயிறு உப்பி மூடியை முட்டிக்கொண்டிருந்தது. 45 டிகிரிக்கு மேல் அந்த வகையை சார்ஜ் செய்யக் கூடாது. மதுரைக் கோடையில் வெளிக்காற்றே 40-ஐத் தொடும். வெயிலில் கிடக்கும் மூடிய பெட்டிக்குக் கேட்க வேண்டுமா? சோலார் தகடோ மத்தியானம் முழுக்க அதற்கு ஊட்டிக்கொண்டே இருந்திருக்கிறது.

இன்னும் பெரிய பேட்டரி போட்டால் சரியாகிவிடும் என்றுதான் நினைத்தேன். கரையோடு மடை வரை நடந்தபோது யோசனை மாறியது. கண்மாயும் ஒரு பேட்டரிதான். ஐப்பசி, கார்த்திகை மழையை வாங்கி வைத்துக்கொண்டு வயலுக்கு அளந்து விடுகிறது. எவ்வளவு பெரிய கண்மாயானாலும் மடையை இரவு பகலாகத் திறந்து போட்டால் கதிர் முற்றும்வரை தண்ணீர் நிற்காது. நீர்பாய்ச்சியின் கெட்டிக்காரத்தனமே மடையை எப்போது அடைப்பது என்பதில்தான்.

என் கருவியில் மடை திறந்தே கிடந்தது. விழித்திருக்கும்போது அது இழுப்பது 80 மில்லியாம்பியர். 2500 மில்லியாம்பியர்-மணி பேட்டரி 31 மணி நேரத்தில் காலி. அதையே மணிக்கு 10 விநாடி மட்டும் விழிக்கவிட்டு, மற்ற நேரமெல்லாம் 0.05 மில்லியாம்பியரில் தூங்கவைத்தால், காகிதக் கணக்கில் ஒரு வருடம் தாண்டுகிறது. வெயிலுக்கென்று பாதியைக் கழித்தாலும் ஆறு மாதம். பேட்டரி அதேதான்!

இன்னொன்றும் அன்று உறைத்தது. வெயில் கொளுத்தும் மாதத்தில் அந்தக் கண்மாயில் அளக்கத் தண்ணீரே இல்லை. அளவு வேண்டியிருப்பது அடைமழையில், கரை தாங்குமா என்று ஊரே விழித்திருக்கும் ராத்திரியில். அப்போது நாலைந்து நாள் சூரியன் முகமே காட்டாது. சேமிப்பு என்பது அந்த நாலைந்து நாளுக்காகத்தான். நான் கணக்குப் போட்டது பங்குனி வெயிலை வைத்து.

இப்போது லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை போட்டிருக்கிறேன். சூட்டைப் பழையதைவிட நன்றாகத் தாங்கும், லேசில் தீப்பிடிக்காது. தகடு மட்டும் வெயிலில். வெள்ளையடித்த பெட்டி நிழலில்.

பேட்டரி வாங்கக் கடைக்குக் கிளம்பும் முன், மல்டிமீட்டரை எடுத்து உங்கள் கருவி தூங்கும்போது எவ்வளவு இழுக்கிறது என்று ஒருமுறை அளந்துவிட்டுப் போங்கள்.