இன்று காலையில் பூட்டிய விமானம்

இறக்கை நுனிக்கு நுனி 80 அங்குலம் இருந்தால் பெரிய மாடல் விமானம் என்பது அமெரிக்காவின் ஐ.எம்.ஏ.ஏ. சங்கம் வைத்திருக்கும் கணக்கு. இரட்டை இறக்கை என்றால் 60 போதும். என் கணக்கு இன்னும் எளிது: காருக்குள் முழுசாக நுழையாவிட்டால் பெரியது. கழற்றித்தான் கொண்டுபோக வேண்டும். ஆகவே மைதானத்தில் நிற்பது போன வாரம் அழகாகப் பறந்த விமானம் இல்லை, இன்று காலையில் பூட்டியது. போன வாரத்து நற்சான்று இதற்குச் செல்லாது. பறக்கவிடும் முன் எல்லாவற்றையும் மறுபடி சோதிக்க வேண்டும்.

*

இறக்கையின் ஏலரான் ஒயரும் ஃப்ளாப் ஒயரும் பார்க்க ஒரே மாதிரி. இடம் மாற்றிச் செருகினாலும் கச்சிதமாக உட்காரும். அதனால் ஏதோ அசைகிறது என்பது போதாது. விமானத்துக்குப் பின்னால் நின்றுகொண்டு டிரான்ஸ்மிட்டரின் ஸ்டிக்கை வலப்பக்கம் தள்ளினால் வலது ஏலரான் எழ வேண்டும், இடது இறங்க வேண்டும். பெரும்பாலானவர்கள் அசைவைப் பார்க்கிறார்கள், திசையைப் பார்ப்பதில்லை.

*

50 சிசி பெட்ரோல் எஞ்சின், ஒற்றை சிலிண்டர். அதன் அதிர்வு எல்லாத் திருகையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசிக் கரைத்துவிடும். சைலன்சர் போல்ட் தளர்ந்தால் முதலில் சத்தம் மாறுவதில்லை. இணைப்பின் ஓரத்தில் மை தடவியதுபோல ஒரு கறுப்புக் கசிவு தெரியும். துடைத்துவிட்டால் தடயம் போயிற்று. துணியை எடுப்பதற்கு முன் பார்க்க வேண்டும். விமானத்தை உடனே பளபளப்பாக்கும் ஆட்களிடம் எனக்கு நம்பிக்கை குறைவு.

மரப் புரொப்பெல்லர் ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும். நேற்று இறுக்கிய போல்ட் இன்று இறுக்கமாக இருக்கும் என்று சொல்ல முடியாது. இக்னிஷனை அணைத்துவிட்டு, முன்விளிம்பில் கட்டைவிரல் நகத்தை மெல்ல ஓட்டினால் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு நகத்தில் தட்டும். அப்படித் தட்டியதை இரண்டாக உடைத்துத்தான் குப்பையில் போட வேண்டும். முழுசாகப் போட்டால், நல்லதாயிற்றே என்று எடுத்து மாட்ட ஒருவர் வருவார்.

*

வாலில் உள்ள எலிவேட்டரின் பின்விளிம்பை இரண்டு விரலால் பிடித்து லேசாக ஆட்ட வேண்டும். அதை அசைக்கும் சர்வோ மோட்டாரின் கை நகராமல் விளிம்பு மட்டும் ஆடினால் எங்கோ தேய்மானம்: கிளெவிஸ், பால் லிங்க், அல்லது சர்வோவின் பல். தரையில் அது மயிரிழை. வேகத்தில் அந்த மயிரிழை படபடத்து, நொடியில் வாலையே பிய்த்துவிடும்.

*

6.6 வோல்ட் லைஃப் (LiFe) பேட்டரி தீரும் தறுவாய் வரை ஏறக்குறைய ஒரே வோல்டைக் காட்டும். மீட்டரை நம்புவதைவிட, சார்ஜ் ஏற்றும்போது எத்தனை மில்லியாம்ப்-மணி உள்ளே போகிறது என்று குறித்து வைப்பது நல்லது.

ரேஞ்ச் சோதனை: டிரான்ஸ்மிட்டரைக் குறைந்த சக்தியில் வைத்து முப்பது தப்படி நடக்க வேண்டும். எஞ்சின் அணைந்திருக்கும்போது ஒரு தடவை, ஓடும்போது ஒரு தடவை. இக்னிஷனின் இரைச்சல் ரிசீவரைத் தொடுகிறதா என்பது ஓடும்போதுதான் தெரியும். வாலைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். பிறகு டிரான்ஸ்மிட்டரை அணைத்தால் எஞ்சின் தானாகத் தணிய வேண்டும்.

*

இந்தச் சோதனைக்கு நடுவில்தான் ஒருவர் வந்து, "என்ன தம்பி, எவ்வளவு ஆச்சு?" என்பார். பதில் சொல்லலாம், பேசலாம். ஆனால் அவர் போனதும் விட்ட இடத்திலிருந்து தொடரக் கூடாது. மறுபடி விமானத்தின் மூக்கிலிருந்து.