வாங்கிய பொருளும் வகுத்தவன் ஹக்கும்

காசு கொடுத்து வாங்கிய பொருள் நமக்கு எவ்வளவு தூரம் சொந்தம்? அரிசியும் துணியும் வாங்கும்போது இக்கேள்வி எழுவதில்லை. பணத்தை எண்ணி வாங்கியதோடு விற்றவர் பாத்தியதை தீர்ந்துவிடுகிறது. ஆனால் ரேடியோ, ஒலிபெருக்கி, கணினி போன்ற சாமான்களுக்குள்ளே ஒருவருடைய மூளை உழைப்பு மின்சுற்றாக அமைந்திருக்கிறது. சாமான் நம்முடையது, அந்த அமைப்பு யாருடையது?

பினாங்கில் வாழும் நமக்கு இது தூரத்து விஷயமன்று. 1972-ல் இன்டெல் கம்பெனி பாயான் லெப்பாஸில் தொழிற்சாலை வைத்தது முதல், சில்லுகளைச் சேர்ப்பதும் சோதிப்பதும் இவ்வூரில் பலருக்கு ஜீவனமாகியிருக்கின்றன. வாங்கிய சாமானைப் பிரித்து, கம்பியை மாற்றிப் பற்றவைத்து, புதிதாக ஒன்றைச் செய்து பார்க்கும் ஆவல் கொண்ட இளைஞர்களும் நம்மிடையே உண்டு. 'கம்பெனி செய்ததில் கைவைப்பது திருட்டு' என்று சிலர் அவர்களைக் கடிந்து கொள்கிறார்கள். 'கண்ணுக்குத் தெரியாத யோசனைக்கு உரிமையாவது, ஒன்றாவது!' என்று வேறு சிலர் தைரியம் சொல்கிறார்கள். இரண்டுமே நியாயமல்ல என்பது நமது கருத்து.

பொருளைத் திருடினால் உடையவர் அதை இழக்கிறார். யோசனையைக் கற்றுக்கொண்டால் அவர் எதையும் இழப்பதில்லை. ஆனால் பல வருஷம் பாடுபட்டு, கைமுதல் போட்டு ஒருவர் வகுத்த சில்லை, மற்றொருவர் அப்படியே நகல் செய்து பாதி விலைக்கு விற்றால், முதல்வருடைய முதலே மூழ்கிப் போகும். ஆகவே பார்க்க வேண்டியது பிரித்ததையன்று; பிரித்தபின் செய்ததை.

நம் நாட்டுச் சட்டமும் இவ்விதமே பிரிக்கிறது. ஒருங்கிணைந்த மின்சுற்றுகளின் அமைப்பு வடிவம் பற்றிய 2000-ஆம் ஆண்டுச் சட்டம், சில்லின் அமைப்பு முதன்முதல் வியாபாரத்துக்கு வந்ததிலிருந்து 10 ஆண்டுகள் அதன் உரிமையாளரைக் காக்கிறது. அதே சட்டம், சொந்த உபயோகத்துக்கும் ஆராய்ச்சிக்கும் கற்பிப்பதற்கும் அதைப் பிரதி செய்வதை அத்துமீறலாகக் கொள்வதில்லை. 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமோ, வரைந்த படத்தைக் காக்குமேயன்றி அதிலுள்ள யோசனையைப் பூட்டி வைப்பதில்லை. புதுக் கண்டுபிடிப்புக்குரிய பேட்டண்டு உரிமையும் 20 ஆண்டுகளில் முடிந்து, பின் எல்லாருக்கும் பொதுவாகிறது.

மார்க்க அறிஞர்களும் இதை ஆராயாமல் விடவில்லை. 1988-ல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, வியாபாரப் பெயர், நூலுரிமை, கண்டுபிடிப்புரிமை ஆகியவை ஷரீஅத்தில் பாதுகாப்புப் பெற்ற ஹக்குகள் என்றும், அவற்றில் அத்துமீறலாகாது என்றும் தீர்மானித்தது. அதேசமயம் அறிவை மறைத்து வைப்பது நம் முன்னோர் வழக்கமன்று. 1206-ல் முடித்த தம் நூலில் அல்ஜஸரீ, தாம் அமைத்த இயந்திரங்களைப் பிறரும் செய்யத்தக்கவாறு உறுப்பு உறுப்பாகப் படம் வரைந்து விளக்கினார்.

இக்காலத்திலும் அத்தகையோர் உண்டு. 2005-ல் இத்தாலியில் தோன்றிய 'ஆர்டுயினோ' மின்பலகையின் வரைபடத்தை அதை வகுத்தவர்கள் யாவருக்கும் திறந்துவிட்டார்கள். அதைப் பார்த்துச் செய்யலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். மாற்றியதையும் அவ்வாறே பிறருக்குத் திறந்துவிட வேண்டும். அவர்கள் பெயரை மட்டும் அனுமதியின்றிப் போட்டுக்கொள்ளக் கூடாது.

கடை வைத்திருக்கும் நமக்கு இதன் நியாயம் எளிதில் விளங்கும். பக்கத்துக் கடைக் கறியை ருசித்துப் பார்த்து நாமும் ஒரு மசாலா அரைக்கலாம்; அவர் முத்திரையை நம் பொட்டலத்தில் ஒட்டலாகாது.

ஆகையால் சகோதரர்களே, பிள்ளைகள் பழைய ரேடியோவைப் பிரித்தால் அதட்ட வேண்டாம். யாருடைய வேலையிலிருந்து கற்றாய் என்று கேட்போம். அந்தப் பெயரை மறைக்காமல் சொல்ல அவர்கள் பழகட்டும். அதை விற்கும் நாள் வரும்போது, உரியவரிடம் அனுமதி கேட்கவும் தயங்க மாட்டார்கள்.