கடனுக்குப் பிணை நிற்கலாம், பாவத்திற்கு?

  



போன மாதம் நம் மஹல்லாவில் ஒரு ஜனாஸா. தொழுகைக்கு ஸஃப் கட்டுவதற்கு முன் மய்யித்தின் மூத்த மகன் முன்னால் வந்து வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார். "எங்க அத்தாவோட யாருக்காவது கொடுக்கல் வாங்கல் இருந்தா என்கிட்ட வாங்க, நான் பொறுப்பு." நமக்கு இது காது பழகிப்போன அறிவிப்பு. பாதிப் பேர் அந்த நேரத்தில் செல்போனை அணைத்துக்கொண்டிருப்போம். ஆனால் பள்ளிக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றிருந்த ஒருவர் அதைக் கவனமாகக் கேட்டிருக்கிறார். மர்ஹூமின் பழைய சிநேகிதர், ஓய்வு பெற்ற ஆசிரியர், தஞ்சாவூர் லுத்தரன் சபையைச் சேர்ந்தவர். அடக்கம் முடிந்து மண் அள்ளிப் போட்டுவிட்டுத் திரும்பும்போது என் பக்கத்தில் நடந்து வந்தார்.

"ஹஜ்ரத், ஒன்னு கேட்டா தப்பா நினைக்க மாட்டீங்களே? அப்பா பட்ட கடனை மகன் ஏத்துக்குறார். நீங்க எல்லாரும் சரின்னு ஒத்துக்குறீங்க. மனுஷன் பட்ட பாவக் கடனை இன்னொருத்தர் ஏத்துக்கிட்டார்னு நாங்க சொன்னா மட்டும் ஏன் அது தப்பாத் தெரியுது?"

ஏழு வருடம் அரபிக் கல்லூரியில் ஓதியவன் நான். கிறிஸ்தவர்களுக்குப் பதில் சொல்வது எப்படி என்று எங்களுக்குப் பாடமே உண்டு. ஆனால் அந்தக் கேள்விக்கு அந்த இடத்தில் என்னிடம் பதில் இல்லை. "சார், ஒரு நாள் வீட்டுக்கு வர்றேன், பேசுவோம்" என்று மட்டும் சொன்னேன். போனேன். பேசினோம். இன்றைய ஜும்ஆவில் அதைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் ஒன்றைச் சரிசெய்துகொள்வோம். நம் வாலிபர்கள் டீக்கடையில் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். "அவங்க மார்க்கத்துல என்ன பாவமும் பண்ணலாம், விசுவாசிச்சா போதும், எல்லாம் கழிஞ்சிரும்." இது அவர்கள் சொல்வது அல்ல. ஒருவர் நம்பாததை நம்புவதாகச் சொல்லி அவரை மறுப்பது நீதி அல்ல. எதிராளியிடமும் நீதமாக நடங்கள் என்று அல்மாயிதா சூராவின் 8ஆவது வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது.

அவர்கள் சொல்வது இதுதான். ஆதம் செய்த பாவத்தால் மனித இயல்பே கெட்டுவிட்டது. அந்த நிலையிலிருந்து மனிதன் தன் நற்செயலைக் கொண்டு தானே ஏறி வர முடியாது. ஈஸா (அலை) அவர்கள் சிலுவையில் அந்தக் கடனைத் தீர்த்துவிட்டார்கள். அதை நம்பி மனந்திரும்புகிறவனைக் கடவுள் நீதிமானாக ஏற்றுக்கொள்கிறார். நற்செயல் அந்த ஏற்புக்கு விலை அல்ல, அதன் கனி. 1517இல் ஜெர்மனியில் மார்ட்டின் லூதர் தொடங்கிய சீர்திருத்தத்தின் மையம் இது. 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்கு இந்தப் போதனையைத்தான் நம் காவிரிக் கரைக்குக் கொண்டுவந்தார். வேளாங்கண்ணிக்கு நடந்து போகும் கத்தோலிக்கர்களின் முறை சற்று வேறு. பாவத்தை உணர்ந்து வருந்தி, குருவிடம் அறிக்கையிட்டு, அவர் விதிக்கும் பரிகாரத்தைச் செய்ய வேண்டும். திருடிய பொருளைத் திருப்பிக் கொடுப்பதும் அதில் சேரும். இந்த விஷயத்தில் லுத்தரன்களுக்கும் கத்தோலிக்கர்களுக்கும் இருந்த பல நூற்றாண்டுச் சண்டையில் 1999இல் ஓர் அடிப்படை உடன்பாட்டுக்கு வந்து கையெழுத்தும் போட்டார்கள். அந்த விவரம் இப்போது நமக்கு வேண்டாம்.

ஆசிரியர் வீட்டுத் திண்ணையில் அவர் எடுத்துச் சொன்ன உதாரணம் நம் ஊர் உதாரணம். ஸ்வார்ட்ஸ் ஐயர். தஞ்சாவூர் சிவகங்கைத் தோட்டத்துப் பக்கம் 1779இல் அவர் கட்டிய ஆலயம் இன்றும் இருக்கிறது. 1798இல் தஞ்சாவூரிலேயே இறந்தார். அவருடைய மரணப் படுக்கைக்குப் பக்கத்தில் சரபோஜி மன்னர் நிற்பதுபோல் ஒரு சலவைக்கல் சிற்பம் அங்கே உண்டு. சரபோஜிக்கு அவர் பாதுகாவலராக இருந்தவர். மன்னர் கடைசி வரை மதம் மாறவில்லை, ஆனால் அந்தப் பாதிரியாரைத் தகப்பனாக நினைத்தார்.

1780களின் தொடக்கத்தில், ஹைதர் அலியின் படையெடுப்பு நேரத்தில், தஞ்சாவூர்க் கோட்டைக்குள் பஞ்சம். கிராமங்களில் நெல் இருக்கிறது, கோட்டைக்குள் ஜனங்கள் செத்து விழுகிறார்கள். நெல்லைக் கொண்டுவர மாடு வேண்டும். மாட்டுக்காரர்கள் வர மறுத்தார்கள். காரணம் எளிது. முன்பு வந்தவர்களுக்குக் கூலி கொடுக்கப்படவில்லை. மன்னர் வாக்குக் கொடுத்தார், ஒருவரும் நம்பவில்லை. அப்போது ஸ்வார்ட்ஸ், "என் கையால் கூலி கொடுக்கிறேன்" என்று ஊர்களுக்கு எழுதி அனுப்பினார். இரண்டு மூன்று நாளில் ஆயிரம் மாடுகள் வந்தன, 80,000 கலம் நெல் கோட்டைக்குள் போய்ச் சேர்ந்தது என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். கடைசி ஆள் வரைக்கும் கூலியும் கொடுத்தார். அதற்கு முன், 1779இல், ஆங்கிலேயர் அவரை ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குத் தூது அனுப்பியபோது ஹைதர் அலி அவரை மரியாதையோடு வரவேற்றார். போர் நடந்தபோதும் அவருக்கு இடையூறு செய்யக் கூடாது என்று தம் ஆட்களுக்குச் சொல்லியிருந்தார். ஒரு முஸ்லிம் மன்னர் ஒரு பாதிரியாரின் வாக்கை நம்பினார் என்பதை நாமும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். விசுவாசம் மட்டும் போதும் என்று போதித்தவர்தான் கூலிப் பாக்கியைத் தன் கையால் எண்ணிக் கொடுத்தவர். டீக்கடை வாதத்துக்கு இவர் ஒருவரே பதில்.

ஆசிரியர் கேட்டார்: "ராஜா பட்ட கடனுக்கு ஐயர் பிணை நின்னார். குடியானவன் ஏத்துக்கிட்டான். அதே மாதிரிதானே ஹஜ்ரத்?"

சொந்தங்களே, நம் மார்க்கத்திலும் பிணை உண்டு. ஃபிக்ஹு கிதாபுகளில் கஃபாலா என்று தனிப் பாடமே இருக்கிறது. ஒரு ஜனாஸா கொண்டுவரப்பட்டது. இவருக்குக் கடன் உண்டா என்று நபி (ஸல்) கேட்டார்கள். உண்டு என்றதும் தாம் தொழவைக்காமல், உங்கள் தோழருக்கு நீங்கள் தொழுங்கள் என்று ஒதுங்கினார்கள். அபூ கதாதா (ரலி) அந்தக் கடனைத் தாம் ஏற்றுக்கொள்வதாகச் சொன்ன பிறகே தொழவைத்தார்கள். இது புகாரியில் இருக்கிறது. அஹ்மதில் வரும் அறிவிப்பில் இன்னொரு செய்தியும் உண்டு. மறுநாள் அபூ கதாதாவைப் பார்த்து அந்தத் தீனார்கள் என்ன ஆயின என்று விசாரித்தார்கள். அவர் கொடுத்துவிட்டேன் என்ற பிறகுதான், இப்போது அவருடைய தோல் குளிர்ந்தது என்ற கருத்தில் சொன்னார்கள். பொறுப்பேற்ற வார்த்தையோடு அது முடியவில்லை, பணம் உரியவன் கைக்குப் போய்ச் சேர வேண்டியிருந்தது.

ஆக, கடனை மாற்றலாம். பாவத்தை? ஒருவர் சுமையை இன்னொருவர் சுமக்கமாட்டார் என்ற கருத்து குர்ஆனில் ஒன்றல்ல, ஐந்து இடங்களில் வருகிறது. அல்அன்ஆம் 164, பனூ இஸ்ராயீல் 15, ஃபாத்திர் 18, ஸுமர் 7, நஜ்மு 38. இதை ஆசிரியரிடம் சொன்னேன். அவர் விடவில்லை. நம் ஹதீஸ் ஒன்றையே எடுத்துப் போட்டார். எங்கேயோ படித்திருக்கிறார். முஃப்லிஸ் பற்றிய ஹதீஸ். முஸ்லிம் கிரந்தத்தில் உள்ளது. தொழுகை, நோன்பு, ஜகாத் எல்லாவற்றோடும் ஒருவன் மறுமையில் வருவான். ஆனால் ஒருவனைத் திட்டியிருப்பான், ஒருவன் பொருளைத் தின்றிருப்பான், ஒருவனை அடித்திருப்பான். அவனுடைய நன்மைகள் எடுக்கப்பட்டு அவர்களுக்குக் கொடுக்கப்படும். நன்மை தீர்ந்துபோனால் அவர்களுடைய பாவங்கள் எடுக்கப்பட்டு இவன் மீது போடப்படும். "பாத்தீங்களா, உங்க மார்க்கத்துலயும் பாவம் கை மாறுதே!" என்றார்.

உண்மையில் அசந்துதான் போனேன். ஆனால் அந்தக் கேள்விதான் எனக்கு வழியைக் காட்டியது. முஃப்லிஸ் மீது பாவம் வந்து விழுவது அவன் அநியாயக்காரன் என்பதால். அது அவன் கொடுக்க வேண்டிய பாக்கி. அநியாயம் செய்யாதவர் மீது அல்லாஹ் யாருடைய பாவத்தையும் ஏற்றுவதில்லை. ஈஸா (அலை) குற்றமற்றவர்கள் என்று நாமும் சொல்கிறோம், அவர்களும் சொல்கிறார்கள். அப்படியானால் குற்றமற்றவர் மீது உலகத்தின் குற்றத்தை ஏற்றுவது எப்படி நீதியாகும்? அவர்கள் சிலுவையில் அறையப்படவில்லை என்பது நம் அகீதா. அது வேறு விவாதம், அதை அன்று நான் எடுக்கவில்லை.

அதற்கு ஆசிரியர் சொன்ன பதிலை நான் மதிக்கிறேன். "யாரும் அவர் மேல ஏத்தலை ஹஜ்ரத். அவரா ஏத்துக்கிட்டார். ஒருத்தன் எனக்குத் தர வேண்டிய பத்தாயிரத்தை நான் விட்டுக்கொடுத்தா, அந்த நஷ்டம் எனக்குத்தானே? மன்னிப்புன்னா மன்னிக்கிறவன் நஷ்டப்படுறதுதான். கடவுளும் அப்படி நஷ்டப்பட்டார்னு சொல்றோம்."

கிறிஸ்தவப் போதனையின் உயிர் இதுதான் என்று நினைக்கிறேன். இதற்குப் பதில் சொல்லாமல் வேறு எதற்குப் பதில் சொல்லியும் பிரயோஜனம் இல்லை. நான் சொன்னது: மனிதன் விட்டுக்கொடுத்தால் அவன் பையில் குறைகிறது. அல்லாஹ் அல்கனீ, தேவையற்றவன். படைப்பு அத்தனையும் பாவம் செய்தாலும் அவன் ஆட்சியில் எதுவும் குறைவதில்லை, அத்தனையையும் மன்னித்தாலும் குறைவதில்லை. ஆதம் (அலை) தவறினார்கள், வருந்தினார்கள், அல்லாஹ்வே சில வார்த்தைகளைக் கற்றுக்கொடுத்தான், அவற்றைச் சொன்னார்கள், மன்னித்தான். அல்பகரா 37. நடுவில் விலை கொடுக்க ஒருவர் தேவைப்படவில்லை. மறுமையில் நபி (ஸல்) அவர்களின் ஷஃபாஅத் உண்டு என்று நம்புகிறோம். அதுவும் அவன் அனுமதியோடு நடக்கும் வேண்டுதல், செலுத்தும் விலை அல்ல. நம் அமல் நமக்குச் சொர்க்கத்தை வாங்கித் தந்துவிடும் என்று நினைப்பவர்களுக்கும் ஒரு ஹதீஸ் இருக்கிறது. எவரையும் அவருடைய அமல் சொர்க்கத்தில் நுழைவிக்காது, அல்லாஹ்வின் ரஹ்மத் சூழ்ந்தாலன்றி தம்மையும் நுழைவிக்காது என்று நபியவர்களே சொன்னார்கள். கிருபையால்தான் மீட்பு என்பது அவர்களுக்கு மட்டும் சொந்தமான பேச்சு அல்ல.

அப்படியானால் விலையே இல்லாத மன்னிப்பா? அல்லாஹ்வுக்கும் நமக்கும் நடுவில் உள்ளதில் விலை இல்லை. அடியானுக்கும் அடியானுக்கும் நடுவில் உள்ளதில் விலை உண்டு. இமாம் நவவி (ரஹ்) தவ்பாவுக்கு மூன்று நிபந்தனை எழுதுகிறார்கள்: பாவத்தை விடுவது, வருந்துவது, இனி செய்யமாட்டேன் என்று உறுதிகொள்வது. மனிதனுடைய உரிமை சம்பந்தப்பட்டிருந்தால் நான்காவதாக ஒன்று, உரியவனிடம் ஒப்படைப்பது. ஷஹீதுக்கே எல்லாம் மன்னிக்கப்படும், கடனைத் தவிர. அந்த ஒரு கணக்கில் அல்லாஹ் நம்மை அநியாயம் செய்யப்பட்டவனிடம் அனுப்பி வைக்கிறான். "இதுல எனக்கும் உங்களுக்கும் சண்டை இல்லை ஹஜ்ரத்" என்று ஆசிரியர் சகேயுவின் கதையைச் சொன்னார். அநியாயமாக வசூலித்த ஒரு வரிக்காரன், மனந்திரும்பிய அன்றே, ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றானாம். அவர்கள் வேதத்தில் உள்ளது.

அன்று திண்ணையிலிருந்து வரும்போது ஆசிரியருக்குப் பதில் சொல்லிவிட்டேன் என்ற திருப்தி எனக்கு இல்லை. நினைவுக்கு வந்தது நம்மவர் ஒருவர். இந்த மஹல்லாக்காரர் அல்ல, அவருடைய அனுமதியோடுதான் சொல்கிறேன். உம்ராவுக்குப் போவதற்கு முன் துஆ செய்யச் சொல்லி என்னிடம் வந்தார். பேச்சுவாக்கில் சொன்னார். முப்பது வருடமாக ஒவ்வொரு குறுவைக்கும் அண்டை கழிக்கும்போது வரப்பில் பக்கத்து வயல் பக்கம் ஒரு மண்வெட்டி கூடுதலாக வெட்டுவாராம். பக்கத்து வயல்காரர் ஏழை, வாய் பேசாதவர். இப்போது வரப்பு இரண்டு முழம் நகர்ந்திருக்கிறது. "அதுக்கெல்லாம் சேர்த்துத்தான் ஹஜ்ரத் உம்ரா போறேன், கஃபாவைப் பிடிச்சு அழுதுட்டு வந்துருவேன்."

ஒரு சாண் நிலத்தை அநியாயமாக எடுத்தவன் கழுத்தில் ஏழு பூமியும் மாலையாக மாட்டப்படும் என்ற ஹதீஸ் எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். ஆனால் அன்று நான் துஆ செய்து அனுப்பிவைத்தேன். சால்வை போட்டார்கள், பிரியாணி சாப்பிட்டோம். விசுவாசித்தால் போதும், கழிந்துவிடும் என்று கிறிஸ்தவர்கள் சொல்வதாக நம் வாலிபர்கள் எதைச் சொல்கிறார்களோ, அதை நான்தான் அவருக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன், வேறு வார்த்தையில்.

ஆசிரியரைப் பார்த்துவிட்டு வந்த மறுநாள் ஃபஜ்ருக்குப் பிறகு அவர் வீட்டுக்குப் போனேன். உம்ரா முடிந்து வந்திருந்தார், ஜம்ஜம் கொடுத்தார். குடித்துவிட்டு வரப்பைப் பற்றிக் கேட்டேன். முகம் மாறிவிட்டது. அன்று என்னைத் தெருமுனை வரை வந்து வழியனுப்பவில்லை. பத்து நாள் கழித்து அவரே போன் செய்தார். பக்கத்து வயல்காரர் இறந்து நாலு வருடமாகிறதாம், நிலம் மகள் பேரில் இருக்கிறதாம், மகள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை. சர்வேயரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பழைய அளவுக்கு வரப்பைப் போடத் தயார் என்றார். முப்பது வருடத்து மகசூலுக்குக் கணக்கு எப்படி என்று கேட்டார். கிதாபைப் பார்த்து எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கணக்குத் துல்லியமாக வராத இடத்தில் அந்த மகள் மனம் பொருந்த வேண்டும், அதற்கு நேரில் போய்த்தான் கேட்க வேண்டும் என்றேன்.

"நீங்களும் கூட வாங்க ஹஜ்ரத்" என்றார். வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் திருப்பூர் போகிறோம். அந்தப் பெண் என்ன சொல்வார் என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. துஆ செய்யுங்கள்.