தொடுகிற கையும் எழுதுகிற கையும்

போன ஐப்பசியில் அம்மாவுக்குக் காலில் முள் குத்தி, புண் சீழ் வைத்துவிட்டது. துணை சுகாதார நிலையத்து நர்சம்மா கழுவிக் கட்டுப் போட்டார். "என்ன மாத்திரைன்னு எனக்குத் தெரியும் தம்பி. இங்க அது இல்ல, எழுதிக் குடுக்க எனக்கு அதிகாரமும் இல்ல. சங்கரன்கோவிலுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார். பூ எடுக்கிற கூலியை விட்டுட்டு வர அம்மா சம்மதிக்கல. நேரே மெடிக்கல் கடைக்குப் போனாள். கடைப் பையன் சீட்டு எதுவும் கேட்காமல் நாலு மாத்திரையைக் கத்தரித்துக் கொடுத்தான். (கோவில் புற்றுமண்ணைத் தோல்நோய்க்குப் பூசிக்கொள்ளவும் சீட்டு வேண்டாம், அது வேற கதை.)

வருசக்கணக்கில் படித்தவருக்குச் சட்டம் மறுப்பதை, கல்லாவில் நிற்பவன் சட்டத்தைக் கேட்காமலே எடுத்துக்கொள்கிறான். இதில் நோயாளியின் பாதுகாப்பு எங்கே இருக்கிறது?

இந்த மண்ணில் பிரசவ ரத்தத்தைத் தீட்டு என்றார்கள். அதைத் தொடும் வேலையை ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்களிடம் தள்ளினார்கள். என்னை எடுத்துவிட்டதும் எங்க தெருக் கிழவி ஒருத்திதான். பிறகு வைத்தியம் ஆஸ்பத்திரிக்குள் போனது. தீட்டும் கூடவே போனது. சீழும் மலமும் ரத்தமும் ஒரு கைக்கு, பேனா இன்னொரு கைக்கு. எழுத்தை நம்மிடமிருந்து ஒளித்துவைத்த வரலாறு தெரிந்தவர்களுக்கு இந்தப் பிரிவினை புதுசா என்ன?

2019இன் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம், 32ஆம் பிரிவில், நவீன மருத்துவத்தோடு தொடர்புடைய பணியாளர் சிலருக்கு வரம்புக்குட்பட்ட உரிமம் தரலாம் என்கிறது. ஆரம்ப, தடுப்பு மருத்துவத்தில் குறிப்பிட்ட மருந்துகளை அவர்களே எழுதலாம். மசோதாவாக இருந்தபோதே, இது போலி மருத்துவத்தைச் சட்டமாக்குவது என்று சொல்லி இந்திய மருத்துவச் சங்கம் ஜூலை 31 அன்று நாடு தழுவிய வேலைநிறுத்தம் செய்தது. மெடிக்கல் கடை வைத்தியத்துக்கு எதிராக இவர்கள் ஒருநாள் கடையடைத்ததாக எனக்கு நினைவில்லை.

ஆனால் எனக்கும் ஓர் உறுத்தல் உண்டு. நகரத்துக்கு டாக்டர், சேரிக்கு நர்ஸ் என்று ஆகிவிட்டால்? இரட்டைக் குவளையில் குடித்த நமக்கு இந்தப் பயம் வராமல் இருக்காது. பிரிட்டனில் தகுதிபெற்ற செவிலியர் 2006 முதல் ஏறக்குறைய எல்லா மருந்தும் எழுதுகிறார்கள். அங்கே அது ஏழைக்கென்று ஒதுக்கிய வைத்தியம் இல்லை. இங்கே கதை வேறு. 2015இல் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்துக்கு ஆயிரக்கணக்கான செவிலியரை எடுத்தது தமிழக அரசு. 2017 நவம்பரில் அவர்கள் பணி நிரந்தரம் கேட்டுச் சென்னையில் உட்கார வேண்டியிருந்தது. பேனாவைக் கொடுத்துவிட்டு சம்பளத்தைக் கொடுக்காவிட்டால், அது இன்னொரு வெட்டி வேலை.

இதையெல்லாம் நர்சம்மாவிடமே சொன்னேன். கட்டை அவிழ்த்துக்கொண்டே கேட்டார்: "எழுத விட்டா நல்லதுதான் தம்பி. நாளைக்கு ஒரு மாத்திரை ஒருத்தருக்கு ஒத்துக்காமப் போச்சுன்னா எம்பக்கம் யாரு நிப்பா? நான் ஒப்பந்தத்துலல்லா இருக்கேன்."